கடற்கரைக் கோவில் நாடகங்கள்: டிவிதான் காரணமா?

7 பிப்ரவரி 2023
(ஒரு வாசகர் கேட்டது) ஓரியூர் அருளானந்தர் கோவில் திருவிழாவுக்குப் போய்வந்தேன். தாத்தா காலத்தில் ராமேஸ்வரம் தீவிலும் மண்டபம், தொண்டிப் பக்கமும் கத்தோலிக்கக் கோவில்களில் பங்குக்கு ஒரு நாடக சபை இருந்ததாகவும், திருவிழாவுக்கு விடிய விடிய நாடகம் போட்டதாகவும் அங்கே ஒரு பெரியவர் சொன்னார். டிவி வந்தது, சபைகள் அழிந்தன என்று முடித்துவிட்டார். அவ்வளவுதானா?

8 பிப்ரவரி 2023
அவ்வளவு இல்லை, தம்பி. டிவியின் தலையில் பழியைப் போடுவது சுலபம். இலங்கையின் ரூபவாஹினி 1982-இல் தொடங்கியது. எங்கள் ராமேஸ்வரம் தீவில் உயரமான ஆன்டெனா நட்டவர் வீட்டு முற்றத்தில் ஊரே உட்கார்ந்து பார்த்தது உண்மை. அதே ஆண்டுகளில் கோவில் திடலில் நாடகமும் நடந்தது. கூட்டத்துக்குக் குறைவே இல்லை. பெண்கள் மாலையிலேயே பாயை விரித்து இடம் பிடித்துவிட்டுத்தான் வீட்டுக்குச் சமைக்கப் போவார்கள். பார்ப்பவர்கள் எங்கும் போய்விடவில்லை. நடிப்பவர்களின் இரவுதான் பறிபோனது.

என் அப்பா அண்ணாவியார், அதாவது நாடகம் பழக்குபவர். சோறு போட்டது கடல். நாடகம் பழக்கியதற்கு அவர் காசு வாங்கியதில்லை. திருவிழா முடிந்து கொடி இறங்கியதும் சபையார் ஒரு வேட்டியும் துண்டும் வைத்து மரியாதை செய்வார்கள், அவ்வளவுதான். எனவே இந்தக் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வராது. நேரம் கிடைக்கும்போதெல்லாம் எழுதுகிறேன்.

9 பிப்ரவரி 2023
இரவு எப்படிப் பறிபோனது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

வத்தை என்ற நாட்டுப்படகிலும் கரையிலிருந்து இழுக்கும் கரைவலையிலும் தொழில் நடந்த காலத்தில் காற்று வைத்ததுதான் சட்டம். வாடைக்காற்றில் வடக்குக் கடல் ஆகாது, தெற்குக் கரைக்குப் போவார்கள். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் தெற்குக் கடல் ஆகாது, வடக்குக் கரைக்கு வருவார்கள். கரை மாறி வாடி (தங்கும் குடிசை) போட்டாலும் தனித்தனியாகப் போவதில்லை, ஊராகத்தான் போவார்கள். கடலில் இறங்க முடியாத நாள் எல்லோருக்கும் ஒரே நாளாக வரும். அன்று இரவு ஒத்திகை. யாரையும் போய்க் கூப்பிட வேண்டாம், மிருதங்கச் சத்தம் கேட்டால் வந்துவிடுவார்கள்.

விசைப்படகு வந்ததும் கணக்கு மாறியது. ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போகும். மறுநாள் காலையில்தான் கரை திரும்பும். மற்ற நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு. இரு தரப்புக்கும் சண்டை வராமல் இருக்கச் செய்த நியாயமான ஏற்பாடு அது. ஆனால் ராஜா வேடக்காரர் விசைப்படகில், மந்திரி வேடக்காரர் நாட்டுப்படகில் என்றால், ராஜா கரையில் இருக்கும் இரவில் மந்திரி கடலில் இருப்பார். கோவிலுக்குப் போகும் ஓய்வுநாளான ஞாயிறு மாலை ஒன்றுதான் இருவருக்கும் பொதுவாக மிஞ்சியது. அந்த மாலையையும் கல்யாண வீடுகளும் வலை வேலையும் எடுத்துக்கொண்டன.

படகு முதலாளிகளான சம்மாட்டிகளை நான் திட்டவில்லை. சபைக்கு வரி கொடுத்து, மைக் செட்டுக்கும் பந்தலுக்கும் கைக்காசு போட்டவர்களும் அவர்கள்தான். நாடகம் பார்க்கப் பணம் இருந்தது, பழகத்தான் ஆள் இல்லை.

11 பிப்ரவரி 2023
மேலே எழுதியதைப் படித்துவிட்டுப் பாம்பன் அண்ணன் ஒருவர், குழந்தை இயேசுவுக்குக் காணிக்கை கொண்டு வரும் மூன்று ராஜாக்கள் நாடகத்தை நினைவுபடுத்தியிருக்கிறார். எனக்கும் அந்த இரவு நினைவில் இருக்கிறது. சிறுமியாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு ராஜா கடலிலிருந்து வந்து சேரவில்லை. என்ஜின் கோளாறு என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டு ராஜாக்கள் வரவு பாடி முடித்தார்கள். மூன்றாவது பெட்டியைத் தூக்க ஆள் இல்லை. ராஜாக்களின் வரவை அறிவிக்கும் கட்டியக்காரன் கொஞ்சமும் தயங்காமல் முன்னே வந்து, "மூன்றாவது மகாராஜா கச்சான் ஓய்வதற்காகக் காத்திருக்கிறார். அவருடைய வெள்ளைப்போளத்தை என்னிடம் கொடுத்தனுப்பினார்" என்று வசனம் சொல்லிப் பெட்டியைக் குழந்தையின் முன் வைத்தான். திடல் முழுவதும் சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று. மறுநாள் அந்த ராஜாவை ஊரில் எல்லோரும் "மகாராஜா, கச்சான் ஓய்ந்ததா?" என்றே கேட்டார்கள். அவர் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவர் பேரன்களை இன்றும் கச்சான் வீட்டுப் பிள்ளைகள் என்றுதான் அழைக்கிறார்கள்.

14 பிப்ரவரி 2023
நாடகப் பாட்டு எழுதிய கொப்பி யாரிடமாவது இருந்தால் படம் எடுத்துப் போட முடியுமா என்று கேட்கிறார்கள். அப்பாவின் கொப்பிகள் என்னிடம் இருக்கின்றன. நீளவாக்கில் தைத்த தடித்த நோட்டு. பாட்டு எழுத்து நீலம், பாட்டின் தலைப்பு சிவப்பு. உப்புக்காற்றில் ஓரங்கள் உதிர்கின்றன. வேப்பிலை போட்டுத் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன். படம் எடுத்துத் தருகிறேன், அதில் தடையில்லை.

ஆனால் படம் எடுத்தால் நாடகம் தப்பிவிடும் என்று நினைக்க வேண்டாம். கொப்பியில் இருப்பது சொல் மட்டும். "விருத்தம்" என்றும் "தரு" என்றும் பாட்டு வகை தலைப்பில் இருக்கும். எந்த மெட்டு, எங்கே இழுப்பது, எங்கே தாளம் மாறும், பின்பாட்டு எந்த அடியில் சேரும், ஒன்றும் எழுதியிருக்காது. அவை அண்ணாவியார் வாயில் இருந்தன. அப்பா ஒரு அடியைப் பாடுவார், பழகுபவர் திருப்பிப் பாடுவார். தப்பினால் அப்பா திட்டமாட்டார். தாளத்தை நிறுத்திவிட்டு வெற்றிலை மடிக்கத் தொடங்குவார். பழகுபவர் தானாகவே திரும்பப் பாடிச் சரிசெய்யும் வரை வெற்றிலையை மடித்துக்கொண்டே இருப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எங்கள் சபையில் ராத்திரி முழுவதும் பாடக்கூடிய நாடகங்களைத் தலைகீழாகச் சொல்வார்கள். அவர்களுக்குக் கொப்பியே தேவைப்படவில்லை.

15 பிப்ரவரி 2023
1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் தனுஷ்கோடியோடு அங்கிருந்த கொப்பிகளும் போய்விட்டன என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அங்கிருந்து உயிர் தப்பி எங்கள் தெருவுக்கு வந்த குடும்பத்தில் ஒரு பாட்டி இருந்தார். வீடு, வலை, பெட்டி ஒன்றும் மிஞ்சாத அந்தப் பாட்டியிடம் புனிதர் எஸ்தாக்கியார் நாடகத்தில் பாதிப் பாட்டுகள் இருந்தன. என் அப்பா அவரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதியிருக்கிறார். நேற்று நான் சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

18 பிப்ரவரி 2023
கோவிலுக்குள் ஏன் நாடகம் வந்தது என்று ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார். என் அனுபவத்தில் இருந்து சொல்கிறேன். என் பாட்டி காலத்தில் பூசை லத்தீனில். பங்குசாமி பீடத்தைப் பார்த்தபடி நிற்பார். இவர்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், 1963-இல் திருவழிபாடு பற்றிய ஏடு வெளியான பிறகுதான் தமிழில் பூசை வந்தது. அதுவரை வேதாகமக் கதையும் புனிதர் கதையும் இவர்களுக்குத் தமிழில் கிடைத்த இடங்கள் பிரசங்கம், அம்மானை, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் தவக்காலத்து வியாகுலப் பிரசங்கம், பிறகு நாடகம். வியாகுலப் பிரசங்கத்தை எழுதிய யாகோமே கொன்சால்வெஸ் சாமி கோவாக்காரர், இலங்கையில் உழைத்து 1742-இல் அங்கேயே இறந்தவர். அந்தப் புத்தகம் கடலின் இரு கரையிலும் வாசிக்கப்பட்டது. பாட்டி அதைக் கேட்டு அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

தமிழில் பூசை வந்தது பெரிய வரம். ஆனால் அதன் பிறகு சில சாமிமார் "இனி இந்த ராத்திரிக் கூத்து எதற்கு, விடிந்ததும் பூசையில் பாதிப் பேர் தூங்குகிறார்கள்" என்று நேரத்தைக் குறைத்தார்கள். இரவு பத்து மணிக்கு முடி என்றார்கள். காப்பு விருத்தமும் கட்டியக்காரன் வரவும் மட்டுமே ஒரு மணி நேரம் பிடிக்கும் நாடகத்தை இரண்டு மணி நேரத்தில் எப்படி அடக்குவது? பாட்டைக் குறைத்து வசனத்தைக் கூட்டினார்கள். பாட்டு போனதும் அண்ணாவியாருக்கு வேலை போனது. டிவியைவிட இது பெரிய அடி. இரவைத் தொழில் பாதி எடுத்தது, கோவில் பாதி எடுத்தது.

25 பிப்ரவரி 2023
தவக்காலம் தொடங்கிவிட்டதால் ஓரியூர் பற்றி எழுதச் சொல்கிறார்கள். சரி.

இயேசு சபைத் துறவி அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் வெட்டுண்டு இறந்தார். 1853-இல் முத்திப்பேறு பட்டம், 1947-இல் புனிதர் பட்டம். எங்கள் பக்கம் எல்லாச் சபைகளுக்கும் அவர் நாடகம்தான் மகுடம். லிஸ்பனில் பிறந்தவர் என்றாலும் நம் மண்ணில் ரத்தம் சிந்தியவர். செம்மண்ணை எடுத்து நெற்றியில் வைக்காமல் அங்கிருந்து யாரும் திரும்புவதில்லை.

நாடகத்தில் எனக்குப் பிடித்த இடம் வெட்டும் காட்சி இல்லை, சிறைக் காட்சி. முந்தைய நாள் அவர் கரியைத் தண்ணீரில் குழைத்து, குச்சியால் தொட்டு, உடன் துறவிகளுக்குக் கடிதம் எழுதுகிறார். எங்கள் சபையில் அந்தக் காட்சிக்கு நிஜமாகவே கொட்டாங்கச்சியில் அடுப்புக்கரியைக் குழைத்து வைப்பார்கள். நடிப்பவர் எழுதிய தாளை நாடகம் முடிந்ததும் பிள்ளைகள் சண்டை போட்டு வாங்கிக்கொள்வோம்.

பிடிக்காத இடமும் உண்டு. மறவ நாட்டு இளவரசர் தடியத்தேவர் ஞானஸ்நானம் பெறுவதற்காக ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி கடலாயி, ராமநாதபுரம் அரசர் கிழவன் சேதுபதிக்கு உறவுப் பெண். அவள் போய் முறையிட்டதுதான் சாமியின் கைதுக்கு வழி திறந்தது. எல்லாக் கொப்பிகளிலும் அவளைப் பேய் போல எழுதியிருக்கிறார்கள். தலையை விரித்துப்போட்டு ஆடிவிட்டுப் போவாள், அவ்வளவுதான். ஒரு பெண்ணைப் புருஷன் ஒரே நாளில் வேண்டாம் என்றால் அவள் எங்கே போவாள்? அவளுக்கு ஒரு விருத்தமாவது கொடுத்திருக்க வேண்டும். அவள் துக்கத்தைக் கேட்டால் சாமியின் சாவு சிறுத்துவிடாது. சேதுபதி வேடம் கட்டுபவருக்குக் கம்பீரமான பாட்டுகளை அள்ளிக் கொடுத்தவர்கள் அவளுக்கு மட்டும் கஞ்சத்தனம் பண்ணிவிட்டார்கள்.

26 பிப்ரவரி 2023
வேதாளையில் 1549-இல் கொல்லப்பட்ட அந்தோணி கிரிமினாலி சாமி பற்றி நாடகம் உண்டா என்கிறார் ஒருவர். இயேசு சபையின் முதல் இரத்தசாட்சி அவர். மண்டபம் போகும் பஸ்ஸில் அந்த ஊரைக் கடக்கிறோம், பாதிப் பேருக்கு அது தெரியாது. எங்கள் சபையில் போட்டதில்லை. எழுதத் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

6 மார்ச் 2023
கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போய்வந்தேன். வெள்ளிக்கிழமை கொடியேற்றம், சிலுவைப்பாதை, தேர். சனிக்கிழமை காலையில் பூசை. இரு நாட்டுக்காரர்களும் மணலில் பக்கத்துப் பக்கத்தில் படுக்கிறோம். மன்னாரிலிருந்து வந்த ஒரு பெரியவரிடம் ஞானசௌந்தரி நாடகத்துத் தரு ஒன்றை எங்கள் மெட்டில் பாடிக்காட்டினேன். இரண்டாவது அடியிலேயே கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். "நீங்கள் விரைவாகப் பாடுகிறீர்கள், அம்மா. கை போன பிள்ளை காட்டில் தனியாக அழுகிற இடம். மெதுவாகத்தான் அழுவாள்" என்றார். பாடிக் காட்டினார். அதே மெட்டு, பாதி வேகம். எங்கள் அண்ணாவிமார் நேரமில்லாமல் வேகத்தைக் கூட்டினார்களா, அவர்கள் பக்கம் காலப்போக்கில் இழுத்துக்கொண்டதா என்று நாங்கள் இருவரும் வெகுநேரம் வாதாடினோம். பூசைக்கு மணி அடித்த பிறகுதான் எழுந்தோம்.

இந்த இழையில் மண்டபம் அகதிகள் முகாமிலிருந்து எழுதும் ஐயா மன்னார்ப் பேசாலையின் உடக்குப் பாஸ் பற்றியும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆளுயரச் சொரூபங்களை வைத்தே பாடுகளைக் காட்டும் அந்த வழக்கத்தை நான் நேரில் கண்டதில்லை. கண்டவர் சொன்னால்தான் நன்றாக இருக்கும்.

12 மார்ச் 2023
ஞானசௌந்தரி என்றதும் கேள்விகள் வந்து குவிகின்றன. மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் காட்டில் இரண்டு கைகளையும் இழந்த இளவரசி, பிலேந்திரனை மணந்து, மறுபடி துரத்தப்பட்டு, கடைசியில் மாதா கைகளைத் திருப்பித் தரும் கதை.

ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேடம் கட்டுபவர்கள், ஆண்கள்தான். எங்கள் சபையில் ஞானசௌந்தரி கட்டியவர் வலை பின்னுவதில் பெயர் எடுத்தவர். கை வெட்டும் காட்சிக்கு முன் திரைக்குப் பின்னால் அவருடைய கைகளை முதுகோடு சேர்த்துத் துணியால் கட்டி, மேலே பெரிய ரவிக்கை போட்டு, பஞ்சு திணித்த இரண்டு கைகளைத் தைத்துவிடுவார்கள். வெட்டு விழுந்ததும் பஞ்சுக் கைகள் கீழே விழும். அதன் பிறகு மாதா வரும்வரை, நடுச்சாமத்திலிருந்து விடியும்வரை, அந்த மனிதர் கட்டிய கையோடு பாடுவார், ஓடுவார், விழுவார். கைக்குழந்தைப் பொம்மையைப் பல்லால் கவ்வித் தூக்குவார். கட்டை அவிழ்க்கும்போது கை மரத்து, நிஜமாகவே தூக்க முடியாமல் நடுங்கும். அந்த நடுக்கத்தோடு அவர் கையை உயர்த்திக் கும்பிட்டால் திடலில் அழாதவர் இருக்கமாட்டார்கள். எந்த ஒப்பனைக்காரராலும் அதைச் செய்ய முடியாது.

14 மார்ச் 2023
பெண்கள் ஏன் நடிக்கவில்லை என்று ஒரு தங்கை கோபமாகக் கேட்டிருக்கிறாள். அவள் கோபம் எனக்கும் உண்டு.

எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் ஒத்திகை. அடுப்படியில் இருந்தபடியே எல்லாப் பாட்டும் எனக்குப் பாடம். பழகுபவர் அடியை மறந்தால் உள்ளே இருந்து நான் எடுத்துக் கொடுப்பேன். அப்பா ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் மேடை ஏறு என்றும் சொன்னதில்லை.

என் குரல் திடலில் கேட்டது கேசட்டின் தயவால். ஆள் சேர்வது கடினமானதும் முன்கூட்டியே பாட்டையும் வசனத்தையும் பதிவு செய்து, மேடையில் வாயசைக்கும் முறை வந்தது. யார் எந்த இரவில் கரையில் இருந்தாலும் வந்து பேசிவிட்டுப் போகலாம். பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் ஜன்னலுக்குச் சாக்கு கட்டிப் பதிவு செய்தோம். மாதாவின் பாட்டைப் பாட ஆண்குரல் ஒத்துவரவில்லை. அப்பா என்னைக் கூப்பிட்டார். அந்தக் கேசட்டில் என் பாட்டுக்கு நடுவே ஒரு காகம் கத்துவதும் கேட்கும். அதை நீக்கத் தெரியவில்லை. திருவிழா இரவில் சேலை கட்டிய ஒரு பையன் வாயசைக்க, நான் பாயில் உட்கார்ந்து என்னையே கேட்டேன்.

வாயசைப்பு நாடகத்தை நான் பல இடங்களில் கடுமையாகப் பேசியிருக்கிறேன். அந்தக் கருத்தில் இருந்து நான் இறங்கவில்லை. பாடுகிறவன் மூச்சு வாங்கினால்தான் பார்க்கிறவனுக்கு நெஞ்சு அடைக்கும். ஆனாலும் கூச்சம் உள்ளவர்களுக்கும் எங்களைப் போன்ற பெண்களுக்கும் அந்தக் கேசட் ஒரு கதவைத் திறந்தது. இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

10 ஏப்ரல் 2023
ஈஸ்டர் வாழ்த்துகள். "பாஸ்கா மட்டும் எப்படித் தப்பியது?" என்று கேள்வி கேட்ட தம்பி மறுபடி வந்திருக்கிறார். எங்கள் பக்கம் இயேசுவின் பாடுகளை நடிக்கும் பாஸ்காவுக்கு நாள் குறித்தாயிற்று, மாற்ற முடியாது. கூட்டம் பெரிது, வேடங்களும் ஏராளம். பதிவுக் குரல் இருப்பதால் போர்வீரனுக்கு ஒரு வாரப் பயிற்சி போதும். இடைக்காட்டூர் பாஸ்காவுக்கு எங்கள் தீவிலிருந்தும் போகிறார்கள். பாடக் கற்க வேண்டியதில்லை என்பதால் பாஸ்கா தப்பியது. பாடிக் கற்க வேண்டியவை போயின. பாஸ்காவைக் குறைத்துச் சொல்லவில்லை. சிலுவை சுமப்பவர் உண்மையாகவே நோன்பிருந்துதான் மேடை ஏறுகிறார். நேற்று முன்தினம் அவர் முழங்காலைப் பார்த்தேன், தோல் உரிந்திருந்தது.

21 ஏப்ரல் 2023
ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். 61 நாள். கடனும் கவலையும் நிறைந்த நாள்கள்தான். ஆனால் அத்தனை விசைப்படகு ஆள்களும் இரவில் கரையில் இருப்பது வருஷத்தில் இப்போது மட்டும்தான். நாட்டுப்படகுக்காரர்கள் கரை திரும்பிய பின் வரலாம். இதைச் சொல்லி பங்குப் பேரவையில் பேசினேன். முழு நாடகம் வேண்டாம், ஞானசௌந்தரியில் காட்டுக் காட்சியும் மாதா காட்சியும் மட்டும், நேரடிக் குரலில். சாமி உடனே சரி என்றார். சபையின் பழைய ஆள்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள்.

கச்சத்தீவில் கேட்ட வேகத்தில் அந்தத் தருவைப் பழக்கத் தொடங்கினேன். பழைய ஆள்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "உங்கள் அப்பா இப்படிப் பாடவில்லை" என்கிறார்கள். இரண்டு வேகத்தையும் பாட வைத்து, மிருதங்கக்காரரிடம் முடிவை விட்டிருக்கிறேன்.

7 மே 2023
ஞானசௌந்தரியாக நடிக்கப்போவது நர்சிங் படிக்கும் ஒரு பெண். முதல் நாள் பாட்டி ஒருத்தி வந்து, பெண்பிள்ளையின் கையை முதுகில் கட்டி ராத்திரி முழுவதும் ஓட வைப்பதா என்று சண்டை போட்டார். அந்தப் பெண், "ஆண்பிள்ளையைக் கட்டியபோது ஏன் சும்மா இருந்தீர்கள், பாட்டி?" என்று கேட்டாள். இப்போது அதே பாட்டிதான் பஞ்சுக் கை தைக்கிறார்.

கடலாயிக்கு ஒரு விருத்தம் எழுதிப் பார்த்தேன் என்று தொண்டித் தம்பி அனுப்பியிருக்கிறார். நன்றாக இருக்கிறது. மூன்றாவது அடியில் சீர் இடிக்கிறது, தனியாக எழுதுகிறேன். அடுத்த பிப்ரவரிக்கு முன் தயார் செய்யுங்கள்.

16 ஜூன் 2023
தடைக்காலம் முடிவதற்கு முந்தைய ஞாயிறு இரவு போட்டோம். பாட்டு மெதுவான வேகத்தில்தான் போனது. மிருதங்கக்காரர் அதைத்தான் எடுத்தார். பழைய ஆள்களில் ஒருவர் இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறார். மாதா பாட்டை நான் திரைக்குப் பின்னால் நிற்காமல் மேடையில் நின்று பாடினேன். நடுவில் மின்சாரம் போனது. மைக் இல்லாமலே பாடினோம். கடைசி வரிசை வரை கேட்டதாகச் சொன்னார்கள்.

மெட்டுகளைக் கைபேசியில் பதிவு செய்து வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் எந்தக் கொப்பி, எந்தப் பக்கம் என்று எழுதி வருகிறேன். எஸ்தாக்கியார் நாடகத்தின் பிற்பாதிக்கு மெட்டுத் தெரிந்தவர் மூக்கையூர், முத்துப்பேட்டைப் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நேரில் வருகிறேன். விசைப்படகு வீட்டுக்காரர்களாக இருந்தால் செவ்வாய், வியாழன் மாலைகளில் வந்தால் சரியாக இருக்கும்.